கால்களால் அளந்தவர்களின் பதக்கம்

இந்தியப் படைகளின் பழம்பெரும் பரிசுகளில் ஒன்றுக்கு விசித்திரமான விதி ஒன்று உண்டு. உயிரைப் பணயம் வைத்திருக்க வேண்டும் என்பது இந்தப் பரிசுக்குக் கட்டாயத் தகுதி இல்லை. இரண்டு பயணங்கள் ஒரே அளவு மதிப்புள்ள தகவலைத் தந்திருந்தால் மட்டும், அவற்றுள் கூடுதல் ஆபத்தைச் சந்தித்தவருக்கு முன்னுரிமை. படைகள் வழக்கமாக வீரத்துக்குத்தான் பதக்கம் குத்துகின்றன. குண்டுமழைக்கு நடுவே நின்றவரையும் காயம்பட்ட தோழரைத் தோளில் சுமந்து வந்தவரையும் தேடிப் போய்ப் பாராட்டுகின்றன. மெக்ரெகர் நினைவுப் பதக்கம் வேறொருவரைத் தேடியது. 1888ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் தேதி நிறுவப்பட்ட இந்தப் பதக்கம் தன் முன் வந்தவர்களிடம் கேட்டது ஒரே கேள்வி: நீ போய்வந்ததால் இதுவரை தெரியாதிருந்த எது தெரிய வந்தது?

நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கேள்வி இந்தியப் படைகளுக்குள் கேட்கப்பட்டு வருகிறது. பேரரசின் தேவைக்காகப் பிறந்த பரிசு, குடியரசின் மரபாக மாறியிருக்கிறது. அந்த வரலாறு நமக்குச் சொல்பவை இரண்டு. நிலத்தை அறிவதும் படைவீரனின் கடமை என்பது ஒன்று. எந்த அறிவும் தனி ஒருவரால் திரட்டப்பட்டதில்லை என்பது மற்றொன்று. முன்னதை நாம் ஏற்றுக்கொண்டுவிட்டோம். பின்னதை மறந்துவிட்டோம். மறந்ததை நினைவூட்டிக்கொள்ள அந்தப் பரிசின் பெயர்ப்பட்டியலே போதும்.

நிறுவனரும் அவர் காலமும்

சார்லஸ் மெக்ரெகர் 1840இல் ஆக்ராவில் பிறந்தவர். பதின்வயதிலேயே வங்காளப் படையில் சேர்ந்து, 1857இன் பெருங்கிளர்ச்சியை ஆங்கிலேயர் தரப்பில் நின்று கண்டவர். போர்க்களத்தில் பெயர் எடுத்திருந்தாலும் அவர் மனம் நாடியது வரைபடங்களையும் நூல்களையும். மத்திய ஆசியா பற்றிய விவரத்தொகுப்பு ஒன்றை அரசுக்காக ஆண்டுக்கணக்கில் உழைத்து உருவாக்கினார். 1875இல் பாரசீகத்தின் குராசான் பகுதியில் பயணம் செய்தார். பலூசிஸ்தானின் வறண்ட நிலங்களில் அலைந்தார். இரண்டைப் பற்றியும் நூல்கள் எழுதினார்.

அப்போது ரஷ்யா வடக்கிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்துகொண்டிருந்தது. 1865இல் தாஷ்கண்ட், 1868இல் சமர்கண்ட், 1873இல் கீவா, 1884இல் மெர்வ். இந்தியாவை ஆண்டவர்களுக்கு இந்தப் பெயர்கள் தூக்கத்தைக் கெடுத்தன. ஆனால் தங்கள் எல்லைக்கும் அந்நகரங்களுக்கும் இடையே கிடந்த மலைகளையும் பாலைகளையும் பற்றி அவர்களுக்குத் தெரிந்திருந்தது மிகக் குறைவு. எந்தக் கணவாய் வழியாகப் பீரங்கி வரும், எந்த ஆற்றை எந்த மாதத்தில் கடக்கலாம், ஒரு படைப்பிரிவின் ஒட்டகங்களுக்கு எத்தனை நாள் தீவனம் கிடைக்கும் என்பதெல்லாம் ஊகமாகவே இருந்தன.

இந்த அறியாமையை ஒழுங்கான உழைப்பால் போக்க வேண்டும் என்று நினைத்தவர் மெக்ரெகர். 1870இல் சிம்லாவில் அவர் தொடங்கிய யுனைடெட் சர்வீஸ் இன்ஸ்டிட்யூஷன் ஆஃப் இந்தியா, படை அதிகாரிகளுக்கு ஒரு நூலகத்தையும் உரைமேடையையும் ஆய்விதழையும் தந்தது. மறு ஆண்டே, 1871இல், தங்கப் பதக்கக் கட்டுரைப் போட்டியும் தொடங்கியது. குதிரையேற்றமும் வேட்டையும் அதிகாரியின் இலக்கணமாகக் கருதப்பட்ட காலத்தில், உட்கார்ந்து படித்து எழுதுகிறவருக்குப் பதக்கம் உண்டு என்று ஒரு நிறுவனம் அறிவித்தது சிறிய செய்தி இல்லை.

மெக்ரெகருக்கு அறிவின் விலையும் தெரியும். குவார்ட்டர்மாஸ்டர் ஜெனரலாக இருந்தபோது, இந்தியாவின் பாதுகாப்பு பற்றி 1884இல் ரகசிய நூல் ஒன்றை அவர் எழுதினார். ரஷ்ய ஆபத்தைப் பற்றிய அதன் வெளிப்படையான பேச்சு வெளியே கசிந்ததும் அரசு கோபம் கொண்டது. பிரதிகள் திரும்பப் பெறப்பட்டன. படைக்குள் அறிவை வளர்க்க நிறுவனம் கண்டவரையே, அறிந்ததைச் சொன்னதற்காகப் படை கண்டித்தது. 1887 பிப்ரவரியில் கெய்ரோவில் அவர் இறந்தபோது வயது 46. அவர் நினைவாகத்தான் அடுத்த ஆண்டு பதக்கம் பிறந்தது.

காலடியே அளவுகோல்

இந்தியாவைக் கணக்கிட்டு அளக்கும் பெரும்பணி தொடங்கியது நம் ஊரில்தான். 1802இல் சென்னை பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் போட்ட அடிக்கோட்டிலிருந்து முக்கோணங்கள் வடக்கு நோக்கி விரிந்து இமயம் வரை போயின. அங்கே நின்றுவிட்டன. சங்கிலியும் தியோடலைட்டும் ஏந்திய அளவைக்குழு அயல்நாட்டு எல்லைக்குள் நுழைய முடியாது. எல்லைக்கு அப்பால் அளக்க வேண்டுமானால் மனிதனே கருவியாக மாற வேண்டும்.

1860களில் அளவைத் துறை பயிற்றுவித்த பண்டிட்டுகள் அப்படி மாறியவர்கள். குமாவுன் மலைப்பகுதியைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் நைன் சிங் ராவத், மேடாக இருந்தாலும் பள்ளமாக இருந்தாலும் காலடி ஒரே நீளத்தில் விழும்படி பழகிக்கொண்டார். ஏறக்குறைய இரண்டாயிரம் காலடிகள் சேர்ந்தால் ஒரு மைல். நூற்றெட்டு மணிகள் இருக்க வேண்டிய ஜெபமாலையில் நூறு மணிகளே கோத்து, நூறு அடிக்கு ஒரு மணி தள்ளினார். பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் மந்திரத்தாளுக்குப் பதிலாகக் குறிப்புத்தாள் இருந்தது. தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையை வைத்து ஊரின் உயரம் கணக்கிடப்பட்டது. 1866இல் அவர் லாசாவில் இருந்தார். 1877இல் லண்டன் ராயல் புவியியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது.

மெக்ரெகர் பதக்கம் படையினருக்கானது என்றாலும், அது போற்றிய திறன் இதே வகையைச் சேர்ந்தது. முதல் பதக்கம் 1889இல் கர்னல் மார்க் பெல்லுக்குப் போனது. 1874இல் ஆஷாந்திப் போரில் விக்டோரியா கிராஸ் பெற்றிருந்த வீரர் அவர். ஆனால் இந்தப் பதக்கம் கிடைத்தது பீக்கிங்கிலிருந்து சீனாவின் குறுக்கே காஷ்கர் வரை 1887இல் நிகழ்த்திய பயணத்துக்காக. அதே ஆண்டில் பிரான்சிஸ் யங்ஹஸ்பண்ட் என்ற இளம் அதிகாரி கோபி பாலை வழியாக வந்தார். இருவரும் ஹாமி நகரில் சந்திப்பதாக ஏற்பாடு. முதலில் வந்து சேர்ந்த பெல் மூன்று மணி நேரம் காத்திருந்துவிட்டுக் கிளம்பிவிட்டார் என்று யங்ஹஸ்பண்ட் பின்னர் அறிந்தார். 1890இல் யங்ஹஸ்பண்டுக்கும் பதக்கம் கிடைத்தது.

அந்தப் பயணத்தின் கடைசிக் கட்டத்தில் யங்ஹஸ்பண்ட் காரகோரத்தின் முஸ்தாக் கணவாயைக் கடந்தார். பனிச்சரிவில் கோடரியால் ஒவ்வொரு படியாக வெட்டி அவரை இறக்கியவர் பால்திஸ்தானைச் சேர்ந்த வாலி என்ற வழிகாட்டி. அவர் இல்லையென்றால் பயணம் அந்த விளிம்பிலேயே முடிந்திருக்கும். வாலி படைவீரர் இல்லை. ஆகவே பதக்கத்தில் அவருக்கு இடமில்லை.

ஒரே பட்டியலில் இரு வகைப் பெயர்கள்

ஆனாலும் மெக்ரெகர் பதக்கம் தன் காலத்தின் மற்றப் பல கௌரவங்களைவிட அகலமான வாசல் கொண்டிருந்தது. அதிகாரிகளுக்கு ஒரு வெள்ளிப் பதக்கம், சாதாரணச் சிப்பாய்களுக்கு ஒரு வெள்ளிப் பதக்கத்தோடு நூறு ரூபாய் சன்மானம் என்று விதி வகுத்திருந்தார்கள். அசாதாரணமான பணிக்குத் தங்கம். இந்தியச் சிப்பாய்கள் பதக்கத்தை அணிவகுப்பு நாட்களில் சீருடைமேல் கழுத்தில் அணிந்துகொள்ளவும் அனுமதி இருந்தது.

அதனால்தான் பட்டியலைப் படிக்கும்போது ஆங்கிலப் பெயருக்குப் பக்கத்திலேயே இந்தியப் பெயரும் வருகிறது. 1891இல் 3ஆம் சீக்கியப் படைப்பிரிவின் ஹவில்தார் ரம்சான் கான். 1892இல் ஹவில்தார் ஜகத் சிங். 1895இல் 2ஆம் ராஜபுத்திரப் பிரிவின் ஹவில்தார் கங்கா தயாள் சிங். 1902இல் 9ஆம் கூர்க்காப் பிரிவின் ஹவில்தார் தில்பீர் பண்டாரி. 1907இல் மராத்தா காலாட்படையின் ஹவில்தார் ஷேக் உஸ்மான். கைட்ஸ் படையிலிருந்தும் ஹஸாரா பயனியர் பிரிவிலிருந்தும் திரும்பத் திரும்பப் பெயர்கள் வருகின்றன. காரணம் புரிகிறது. எல்லைக்கு அப்பாலுள்ள மொழிகளையும் உறவுமுறைகளையும் வழிகளையும் தாய்வீட்டு அறிவாகக் கொண்டு பிறந்தவர்கள் அவர்கள். ஒரு ஹஸாரா வீரர் ஆப்கானிய மலையூரில் அந்நியராகத் தெரிய மாட்டார். அவர் தங்கிய வீடும் பேசிய பேச்சும் கண்ட பாதையும் எந்த ஆங்கிலேய அதிகாரிக்கும் கிட்டாதவை.

11ஆம் வங்காள லான்சர்ஸ் பிரிவின் டஃபேதார் ஷாஜாத் மீர் 1897இல் பதக்கம் பெற்றார். அவரைப் பற்றி நமக்குச் சற்றே கூடுதலாகத் தெரியக் காரணம், 1896இல் அவரோடு திபெத்தின் வட பீடபூமியைக் கடந்த கேப்டன் வெல்பி தன் பயணத்தை நூலாக எழுதியதுதான். ஆட்கள் நடமாட்டமே இல்லாத அந்த உயர்நிலத்தில் உணவு தீர்ந்து, பொதி விலங்குகள் ஒவ்வொன்றாக மடிந்த பயணம் அது. ஷாஜாத் மீர் தன் பயணத்தைத் தானே எழுதியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பதை அறிய வழியில்லை. அதிகாரிகள் திரும்பி வந்து லண்டனில் உரையாற்றினார்கள், நூல் வெளியிட்டார்கள், சர் பட்டம் பெற்றார்கள். ஹவில்தார்கள் திரும்பி வந்து படை முகாமுக்குப் போனார்கள். பதக்கம் இருவரையும் ஒரே தாளில் எழுதியது. வரலாறு ஒருவரை மட்டும் படித்தது.

இந்தப் பட்டியலில் தென்னிந்தியப் பெயர்கள் அரிது. அதற்கும் காரணம் உண்டு. பதக்கம் பிறந்த காலத்தில் தலைமைத் தளபதியாக இருந்தவர் பிரெடரிக் ராபர்ட்ஸ். போர்க்குணம் வடக்கத்திய இனங்களுக்கே உரியது என்று நம்பியவர் அவர். மதராஸ் படையின் வீரர்களைத் தாழ்வாக மதிப்பிட்டவர். அந்தக் கொள்கையால் தெற்கின் படைப்பிரிவுகள் சுருங்கின. ஆயினும் காஞ்சிபுரம் அருகிலுள்ள வாலாஜாபாத்தின் பெயர் இப்பட்டியலில் இருக்கிறது. 83ஆம் வாலாஜாபாத் காலாட்படையின் கேப்டன் பிரிட்சர்ட், பர்மாவின் வட கோடியில் செய்த ஆய்வுப்பணிக்காக 1912இல் சிறப்புத் தங்கப் பதக்கம் பெற்றார். மறு ஆண்டே அதே நிலப்பகுதியில் ஆற்றைக் கடக்கும்போது மூழ்கி இறந்தார்.

அறிவு எங்கே போய்ச் சேர்ந்தது

ராணுவத்துக்காகத் திரட்டப்பட்ட அறிவு ராணுவத்தோடு நின்றுவிடுவதில்லை. 1893இல் தங்கப் பதக்கம் பெற்ற ஹாமில்டன் பவர் அதற்குச் சான்று. திபெத்தை மேற்கிலிருந்து கிழக்காகக் கடப்பதற்கு முன், 1890இல், ஒரு கொலையாளியைத் தேடி அவர் சீனத் துருக்கிஸ்தானின் குச்சா நகருக்குப் போனார். அங்கே பூர்ஜப்பட்டையில் எழுதிய பழைய சுவடி ஒன்று விலைக்கு வந்தது. கல்கத்தாவில் அறிஞர் ஹெர்ன்லே அதைப் படித்தபோது, ஏறத்தாழ 1,500 ஆண்டுப் பழமையுள்ள சமஸ்கிருத மருத்துவ நூல்கள் அதில் இருப்பது தெரிந்தது. பூண்டின் மருத்துவக் குணங்களோடு தொடங்கும் அந்தச் சுவடிதான் மத்திய ஆசியாவின் மணலுக்குள் புதைந்திருந்த நாகரிகங்களை நோக்கி அறிஞர்களைத் திருப்பியது. கொலைகாரனைத் தேடிப்போன குதிரைப்படை அதிகாரி ஒருவரால் ஆயுர்வேத வரலாறு பல நூற்றாண்டுகள் தெளிவு பெற்றது.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. 1890இல் பதக்கம் பெற்ற யங்ஹஸ்பண்ட், 1903 டிசம்பரில் படையோடு திபெத்துக்குள் நுழைந்தார். குரு என்ற இடத்தில் பழைய திரித்துப்பாக்கிகளோடும் வாள்களோடும் நின்ற நூற்றுக்கணக்கான திபெத்தியர்கள் இயந்திரத் துப்பாக்கிகளால் சில நிமிடங்களில் கொல்லப்பட்டார்கள். 1912இல் பதக்கம் பெற்ற ஆர்னால்ட் வில்சன், முதல் உலகப்போருக்குப்பின் ஈராக்கின் நிர்வாகத்தை நடத்தினார். 1920இல் அந்நாட்டில் எழுந்த கிளர்ச்சி படைபலத்தால் அடக்கப்பட்டது. 1911இல் பதக்கம் பெற்ற லீச்மன் அந்தக் கிளர்ச்சியின்போது அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். அறியப்பட்ட நிலம் ஆளப்பட்ட நிலமாக மாறிய கதை இது. ஒரு தேசத்தின் பாதைகளை அளக்கிறவர், அந்தப் பாதையில் நாளை யார் நடந்து வருவார்கள் என்ற பொறுப்பிலிருந்து விடுபட முடியாது. பதக்கத்தின் வரலாற்றைப் பெருமையோடு சொல்லும் நாம் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சாங்போ நதியின் கதையில் அறிவுக்குக் கிடைக்கும் கூலி எவ்வளவு சீரற்றது என்பது தெரிகிறது. திபெத்தின் சாங்போதான் அசாமின் பிரம்மபுத்திராவா என்பது 19ஆம் நூற்றாண்டில் தீராத கேள்வி. அதைத் தீர்க்க 1880இல் அனுப்பப்பட்டவர்களுள் கிந்துப் ஒருவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். உடன் வந்தவர் அவரை அடிமையாக விற்றுவிட்டுப் போய்விட்டார். தப்பினார், மடமொன்றில் அடைக்கலம் கேட்டார், மீண்டும் ஊழியத்தில் கட்டுண்டார். அதற்கு நடுவிலும் விடுப்பு வாங்கிக்கொண்டு போய், குறியிட்ட 500 மரத்துண்டுகளை நாளுக்கு 50 வீதம் ஆற்றில் விட்டார். எந்த நாட்களில் விடுவேன் என்று முன்கூட்டியே கடிதம் அனுப்பியிருந்தார். கடிதத்தைப் பெற வேண்டிய அதிகாரி அதற்குள் இந்தியாவை விட்டுப் போயிருந்தார். மரத்துண்டுகள் யாரும் பார்க்காமலே அசாமைக் கடந்து கடலுக்குப் போயின. நான்கு ஆண்டுகள் கழித்துத் திரும்பிய கிந்துப்பின் சொல்லைப் பலரும் நம்பவில்லை.

1913இல் கேப்டன்கள் பெய்லியும் மோர்ஸ்ஹெட்டும் அந்தப் பள்ளத்தாக்கில் கால்நடையாகப் போய் நதியின் போக்கை உறுதிப்படுத்தினார்கள். கிந்துப் சொன்னவை பெரும்பாலும் சரியென்று தெரிந்தது. 1914இல் அவர்கள் இருவருக்கும் மெக்ரெகர் பதக்கம் கிடைத்தது, அதற்குத் தகுதியானவர்கள்தான். பெய்லி ஒரு நல்ல காரியமும் செய்தார். முதியவராகிவிட்ட கிந்துப்பைத் தேடிக் கண்டுபிடித்துச் சிம்லாவுக்கு வரவழைத்தார்; அவருக்கு ஓய்வூதியம் தர வேண்டுமென அரசிடம் வாதாடினார். அரசு ஓய்வூதியம் தரவில்லை. ஆயிரம் ரூபாய் தந்தது. ஊர் திரும்பிய கிந்துப் சிறிது காலத்தில் இறந்தார்.

கைபர் சிப்பாயும் பனியாறும்

1917ஆம் ஆண்டின் பதக்கம் கைபர் ரைபிள்ஸ் பிரிவைச் சேர்ந்த சிப்பாய் ஒருவருக்குப் போனது. அவர் பெயர் மியான் அஃப்ராஸ் குல். அரெல் ஸ்டைன் 1913 முதல் 1916 வரை மத்திய ஆசியாவில் நடத்திய மூன்றாவது ஆய்வுப்பயணத்தில் வரைபடம் வரைந்தவர்களில் ஒருவர். லோப் பாலையில் நீரற்ற களிமண் நிலங்களைக் கடந்து அளந்தார். பின்னர் அளவைத் துறையில் சேர்ந்து, 1926இல் கென்னத் மேசனோடு ஷக்ஸ்காம் பள்ளத்தாக்குக்குப் போனார். டச்சு ஆய்வாளர் விஸ்ஸரின் பயணக்குழுவோடு 1929-30இல் சென்று, சியாச்சின் பனியாற்றின் கிளைகளை அளந்து வரைந்தார். பதக்கம் பெற்ற சிப்பாய் ஒருவரின் உழைப்பு அவருடைய ஆயுள் முழுவதும் வளர்ந்து, ஒரு மலைத்தொடரின் வரைபடமாக நிலைத்ததற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பிறகு அதே பனியாறு இந்தப் பட்டியலுக்குள் மறுபடி வந்தது. 1949இன் கராச்சி உடன்படிக்கையில் போர்நிறுத்தக் கோடு என்ஜே 9842 என்ற புள்ளியோடு நின்றது. அதற்கு வடக்கே பனியாறுகளை நோக்கி என்று மட்டும் சொல்லி விட்டுவிட்டார்கள். மனிதர் வசிக்க முடியாத இடத்துக்கு யாரும் சண்டையிட மாட்டார்கள் என்ற நம்பிக்கை. 1970களில் கர்னல் நரேந்திர குமார் குல்மார்கில் உயர்மலைப் போர்ப்பயிற்சிப் பள்ளியை நடத்திக்கொண்டிருந்தார். நீலகண்ட சிகர ஏற்றத்தில் பனிக்கடியால் கால்விரல்களை இழந்தும் மலையை விடாதவர். ஒரு ஜெர்மானியப் பயணி கொண்டுவந்த அமெரிக்க வரைபடத்தில் அந்தப் புள்ளியிலிருந்து காரகோரம் கணவாய்க்கு நேர்கோடு இழுக்கப்பட்டு, சியாச்சின் முழுவதும் பாகிஸ்தான் பக்கம் காட்டப்பட்டிருந்ததைக் கண்டார். 1978இல் அங்கே குழுவோடு போனார். 1981இல் பனியாற்றின் முழு நீளத்தையும் நடந்து அதன் தலைமுனையான இந்திரா கோல் வரை எட்டினார். அவருடைய அறிக்கைகளும் புகைப்படங்களும் வரைபடங்களும்தான் 1984 ஏப்ரல் 13இல் தொடங்கிய மேக்தூத் நடவடிக்கைக்கு அடித்தளம். மெக்ரெகர் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது.

அந்த அறிவின் விலையை நம் வீரர்கள் இன்றும் கொடுத்துவருகிறார்கள். சியாச்சினில் குண்டுகளைவிடக் குளிரும் பனிச்சரிவுமே அதிகம் பேரைக் கொன்றிருக்கின்றன. 2016 பிப்ரவரி 3இல் பனிச்சரிவு ஒன்று 19ஆம் மதராஸ் படைப்பிரிவின் காவல்முகாமைப் புதைத்தபோது பத்துப் பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். ராபர்ட்ஸ் காலத்தில் மலைப்போருக்கு உதவாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட தெற்கின் பிள்ளைகள், உலகின் மிக உயரமான போர்க்களத்தில் காவல் நின்று மடிந்தார்கள்.

சுதந்திர இந்தியாவின் கையில்

அந்நிய ஆட்சியோடு இந்தப் பதக்கமும் போயிருக்கலாம். போகவில்லை. 1949இல், ராயல் கூர்க்கா ரைபிள்ஸ் பிரிவின் மேஜர் சோராவர் சந்த் பக்ஷி, பௌத்தத் துறவி வேடத்தில் திபெத்துக்குள் போய்வந்ததற்காக இதைப் பெற்றார். 1965 போரில் ஹாஜி பீர் கணவாயைக் கைப்பற்றியவர் என்றே நாடு அவரை அறியும். அந்த வெற்றிக்குப் பதினாறு ஆண்டுகள் முன்பே, நடந்து கண்டு வந்து சொல்லும் ஒழுக்கத்தை அவர் பழகியிருந்தார்.

அந்த ஒழுக்கம் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் நாம் பார்த்துவிட்டோம். அக்சாய் சின் வழியாகச் சீனா போட்ட சாலை முடிந்துவிட்டது என்பது 1957இல் சீனத்தின் அறிவிப்பு வழியாகவே நம் அரசுக்கு உறுதியாகத் தெரிந்தது. 1958 கோடையில்தான் ரோந்துக்குழுக்கள் அனுப்பப்பட்டன. ஒன்று சீனர்களிடம் சிறைப்பட்டது. நம்முடையது என்று வரைபடத்தில் நாம் குறித்திருந்த நிலத்தில் நடந்ததை, நம் கால்கள் போய்ப் பார்த்துச் சொல்லவில்லை. 1962இன் தோல்விக்குக் காரணங்கள் பல. நிலத்தை அறியாதிருந்தது அவற்றுள் முதன்மையானது என்பது என் கருத்து.

1986இல் பதக்கத்தின் எல்லை விரிக்கப்பட்டது. மலையேற்றம், பாலைப்பயணம், ஆற்றுப்படகுப் பயணம், உலகைச் சுற்றும் கடற்பயணம், துருவப்பயணம், சாகசப் பறத்தல் எல்லாம் உள்ளே வந்தன. கடற்படையின் அபிலாஷ் டோமி 2012 நவம்பரில் மும்பையிலிருந்து தனியாகப் பாய்மரப்படகில் கிளம்பி, எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் உலகைச் சுற்றி வந்த முதல் இந்தியர்; அவரும் மெக்ரெகர் பதக்கம் பெற்றவர். இத்தகைய சாதனைகளைப் போற்ற வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

ஆனால் சாகசத்தைப் போற்ற நம்மிடம் வேறு விருதுகளும் இருக்கின்றன. புதிதாக அறிந்து வந்ததைப் போற்ற இது ஒன்றுதான் நீண்ட மரபோடு நிற்கிறது. எவ்வளவு தூரம் போனாய் என்ற கேள்வி, என்ன அறிந்து வந்தாய் என்ற கேள்வியின் இடத்தைப் பிடித்துவிடக் கூடாது. செயற்கைக்கோள்கள் எல்லாவற்றையும் பார்க்கும்போது நடந்துபோய் அறிய என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. 2023 அக்டோபர் 4இல் சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரி உடைந்து, தீஸ்தா வெள்ளம் சுங்தாங் அணையை அடித்துக்கொண்டு போனது. இறந்தவர்களில் ராணுவ வீரர்களும் இருந்தார்கள். அந்த ஏரி பெருகிவருவதை மேலிருந்து எடுத்த படங்கள் ஆண்டுக்கணக்கில் காட்டிக்கொண்டுதான் இருந்தன. கரையின் பனிமண் எவ்வளவு நெகிழ்ந்திருக்கிறது, கீழே எந்த ஊருக்கு எத்தனை நிமிடத்தில் எச்சரிக்கை போய்ச் சேரும், அங்குள்ள மேய்ப்பர் இந்த ஆண்டு எதைப் புதிதாகக் கண்டார் என்பவற்றை அறிய இன்னும் மனிதர்தான் போக வேண்டும். இமயத்தின் உச்சிகளில் ஆண்டு முழுவதும் வாழ்கிறவர்கள் நம் படைவீரர்கள். பனியாறுகளின் பின்வாங்கலை, ஊற்றுகளின் வறட்சியை, வழிகளின் மாற்றத்தை அவர்களைவிட அருகிலிருந்து காண்பவர் எவருமில்லை. அவர்கள் கண்டதைப் பதிவு செய்யச் சொல்லி, சிறந்த பதிவுக்கு இந்தப் பதக்கத்தைக் கொடுப்பது மெக்ரெகர் கேட்ட கேள்விக்கு இந்நூற்றாண்டின் விடையாக இருக்கும்.

அதோடு மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். பதக்கம் பெற்ற பயணங்களின் அறிக்கைகளில் ரகசியக் காலம் கடந்தவற்றை வெளியிட வேண்டும். நூறாண்டு பழைய பாதைக் குறிப்பால் இன்று எவருக்கும் ஆபத்தில்லை, வரலாற்றுக்கோ பெரும் பயன் உண்டு. ரம்சான் கான் முதல் அஃப்ராஸ் குல் வரையிலான இந்திய வீரர்களின் வாழ்க்கையைப் படைப்பிரிவுப் பதிவேடுகளிலிருந்து தேடி எழுத வேண்டும். அவர்களில் பலரின் ஊர்கள் இன்று பாகிஸ்தானில் இருப்பதால், இந்த வேலையை எல்லை தாண்டிய அறிஞர்கள் சேர்ந்து செய்ய வேண்டும். இனி வழங்கப்படும் ஒவ்வொரு பதக்கத்தின் பாராட்டுரையிலும் வழிகாட்டி, சுமைதூக்கி, சமையற்காரர், படகைச் செப்பனிட்டவர் என உடன் உழைத்த எல்லோரின் பெயரும் இடம்பெற வேண்டும். சீருடை அணியாதவர் என்பதால் வாலிக்கும் கிந்துப்புக்கும் மறுக்கப்பட்டதை இனி எவருக்கும் மறுக்க வேண்டியதில்லை.

அதிகாரியையும் ஹவில்தாரையும் ஒரே பட்டியலில் எழுத 1888இல் ஒரு பேரரசின் நிறுவனத்துக்குத் தோன்றியது. எல்லோரும் சமம் என்று அரசியல் சாசனத்தில் எழுதிக்கொண்ட குடியரசு அதைவிட ஒரு படி மேலே போக வேண்டும். அறிவைத் தேடிப் போனவர்களில் ஒருவரையும் விடாமல் பெயர் சொல்லி மதிக்கும்போதுதான் இந்தப் பதக்கம் முழுமையாக நம்முடையதாகும்.